இடைநிலைப் பொருள்களைத் தேடிய டாக்டர் சுப்பாராவ்

நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் நேரே பட்டப் படிப்புக்குப் போய்விட முடியாது. நடுவே இரண்டு ஆண்டு வகுப்பு ஒன்று இருந்தது. அதற்கு இன்டர்மீடியட் என்று பெயர். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் மறைந்து நெடுநாள் ஆயிற்று. ஆந்திரத்தில் இன்றும் வழங்குகிறது. இன்டர்மீடியட் மட்டும் படித்தவரை முழுப் படிப்பாளி என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அதைத் தாண்டாமல் எவரும் வக்கீலாகவோ டாக்டராகவோ ஆனதும் இல்லை.

வேதியியலிலும் இன்டர்மீடியட் உண்டு. இடைநிலைப் பொருள் என்று பாடநூலில் அதைப் படிக்கிறோம். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும்போது நடுவே தோன்றி, அடுத்த மாற்றத்தில் மறைந்துபோகும் பொருள் அது. சமன்பாட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவே ஓர் அம்புக்குறி என்று எழுதிவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொள்கிறோம். அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் அநேகர் கேட்பதில்லை. அந்த அம்புக்குறிக்குள்ளேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி எழுத எண்ணினோம். அவர் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த இராஜபாளையத்தில் இப்பெயர் அன்னியமாகப் படாது. ஆனால் அவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால், எங்கள் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

அவரிடம் செல்லுமுன், பொருளைச் சற்று விளங்கிக்கொள்வோம். இராஜபாளையத்து ஆலைகளில் பஞ்சு நூலாகிறது. நூலை அப்படியே எவரும் உடுத்துவதில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறியேறித் துணியாகி, வெளுக்கப்பட்டு, மருத்துவமனையில் காயம் கட்டும் பேண்டேஜ் ஆன பிறகே அதனால் பயன். ஆயினும் நூலைச் சிப்பமாகக் கட்டி வைக்கலாம், விற்கலாம், லாரியில் ஏற்றி வேறூருக்கு அனுப்பலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடத்தைப் பாருங்கள். பாலும் சர்க்கரையும் அடுப்பில் ஏறிச் சுண்டிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் அது பாலும் இல்லை, கோவாவும் இல்லை. கரண்டியை அப்போது நிறுத்தினால் அடிப்பிடித்துப் போகும். அந்த நிலையை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. உவமை முற்றிலும் பொருந்தாது என்பதை வேதியியல் ஆசிரியை சுட்டிக்காட்டுவார். நூலாவதும் பால் சுண்டுவதும் வேதிவினைக் கணக்கில் முழுவதும் சேர்பவை அல்ல. ஆனாலும் இடைநிலைப் பொருள்களில் இந்த இரண்டு இனமும் உண்டு. ஒன்று நூல் போலப் புட்டியில் அடைத்து விற்கக் கூடியது. மற்றது கண நேரம் தோன்றி மறைவது.

முதல் இனம் தொழிற்சாலைக்கு உரியது. பென்சீனை நைட்ரோபென்சீனாக்கி, அதை அனிலீனாக்குகிறோம். அனிலீனை யாரும் உண்பதில்லை, உடுத்துவதில்லை. அது நச்சுப் பொருள். ஆயினும் அதிலிருந்து சாயம், மருந்து, ரப்பர்ப் பொருள்கள் என்று எத்தனையோ கிளைகள் பிரிகின்றன. சேலைக் கடையில் நாம் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு நூற்சேலைக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட பெயர் தெரியாத பொருள்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. இரண்டாம் இனம் உயிருள்ள உடலுக்கு உரியது. நாம் உண்ட சோறு ஒரே தாவலில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆகிவிடுவதில்லை. பத்து, இருபது படிகள் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பொருள் பிறந்து அடுத்த படியில் மாய்கிறது. ஒரு படி அடைபட்டால் நோய்.

இந்த இரண்டு இனத்தையும் ஒரே வாழ்நாளில் கையாண்டவர் சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்து, உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றார். வீட்டில் பிள்ளைகள் பலர், பணம் சிறிது. சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்பது அவருடைய திட்டம்! தாயார் வெங்கம்மா வழியிலேயே பிடித்து அழைத்து வந்து மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார். 1913இல் தந்தை இறந்தார். வெங்கம்மா நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். உலகமே பயன்படுத்தப் போகும் மருந்துகளைத் தந்தவர் மூன்றாம் தடவையில் தேறியவர் என்பதைத் தேர்வு முடிவுகள் வரும் நாளில் நம் வீட்டார் நினைவில் கொண்டால் நன்றாயிருக்கும்.

பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். அப்போது அவர் மனம் துறவில் சென்றது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயின் சம்மதம் கிடைக்கவில்லை. மருத்துவம் படித்துத் தொண்டு செய்வது நல்லது என்று மடத்தில் உள்ளோரும் வழிகாட்ட, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களின் உதவியும், பின்னர் மாமனாராக வந்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் உதவியும் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு நடந்திராது. 1919இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார்.

அது காந்தியடிகள் அன்னியத் துணியை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை அறைக்குள் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஓர் அங்கிக்காகவா என்று நமக்குத் தோன்றும். நம் இராஜபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா சுப்பாராவை விட மூன்று வயது இளையவர். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். கதர் என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் துணி அல்ல என்பதை அந்த மன்றத்தின் வாசலைத் தாண்டுகிற நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எல்.எம்.எஸ். படித்தவருக்கு அரசு மருத்துவப் பணி கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியரானார். இந்தச் சமயத்தில்தான் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்றொரு நோய். வெப்ப நாடுகளில் வருவது. உண்ணும் உணவு குடலில் உறிஞ்சப்படாமல் வயிற்றுப்போக்காய்ப் போய்விடும், நாக்கு புண்ணாகும், இரத்தம் வற்றி ஆள் எலும்பும் தோலுமாவான். 1921இல் எட்டே நாள் இடைவெளியில் சுப்பாராவின் சகோதரர் இருவர் அந்நோயால் மாண்டனர். அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். ஏன் அந்த நோய் வருகிறது, எதைக் கொடுத்தால் தீரும் என்று சென்னையில் எவருக்கும் தெரியவில்லை. உலகத்தில் எங்குமே தெரியவில்லை.

1923 அக்டோபரில் அவர் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் பணம் கொடுத்தனர். மூன்று ஆண்டில் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் மனைவியிடம் விடை பெற்றார். சேஷகிரி அம்மையார் அப்போது கருவுற்றிருந்தார். பிறந்த ஆண் குழந்தை தந்தையின் முகம் காணாமலே சிறு வயதில் இறந்துபோயிற்று. சுப்பாராவ் திரும்பவில்லை. அந்த ஆண்டும் வரவில்லை, எந்த ஆண்டும் வரவில்லை. அவருடைய பெருமையைப் பேசும் கட்டுரைகள் இதை ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றன. பெண்பிள்ளைகளாகிய எங்களால் அப்படித் தாண்ட முடியவில்லை. ஒருவர் செய்த தியாகத்துக்கு வேறொருவரும் விலை கொடுத்தார் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

ஹார்வர்டில் வெப்ப நாட்டு மருத்துவம் படித்து 1924இல் பட்டயம் பெற்றார். கையில் காசு இல்லாததால் மருத்துவமனை ஒன்றில் இரவு நேர ஊழியராக நோயாளிகளின் கழிவுக் கலங்களைக் கழுவினார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஓர் எளிய முறை கண்டுபிடிப்பது.

1925இல் வெளியான அந்த முறை மிக அழகானது. பாஸ்பேட் உள்ள கரைசலில் அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, ஓர் ஒடுக்கியைச் சிறிது விட்டால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் அதிகமானால் நீலம் அடர்த்தியாகும். நிறத்தை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். அவர்கள் தேர்ந்தெடுத்த ஒடுக்கியின் பெயர் 1-அமினோ-2-நாப்தால்-4-சல்போனிக் அமிலம். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். அது சாயத் தொழிற்சாலையின் இடைநிலைப் பொருள். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கக் கல்லூரி ஆய்வகங்களில் சொட்டுவிடும் எரியோகுரோம் பிளாக் டி என்னும் சாயத்தைச் செய்யும் பாதையிலும் அதே அமிலம் வருகிறது. துணிக்குச் சாயம் போடுவோர் உண்டாக்கிய ஓர் இடைநிலைப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்பாராவ் உடலின் இடைநிலைப் பொருள்களைத் தேடப் புறப்பட்டார்!

தசைச் சாற்றில் அந்தச் சோதனையைச் செய்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நீலம் உடனே முழுதாகத் தோன்றவில்லை. மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே போயிற்று. பொறுமையற்றவர்கள் கருவியில் பிழை என்று சாற்றைக் கொட்டியிருப்பார்கள். பிஸ்கும் சுப்பாராவும் கொட்டவில்லை. தசைக்குள் பாஸ்பேட்டை இறுகப் பிடித்திருக்கும் ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் சிறிது சிறிதாக உடைந்து அதை விடுவிக்கிறது என்று கணித்தனர். அப்பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். 1927இல் அதை வெளியிட்டனர். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியர் அதே ஆண்டில் தனியாக அதன் தடத்தைக் கண்டிருந்தனர். 1929இல் பிஸ்க், சுப்பாராவ் இருவரும் இன்னொன்றையும் பிரித்தெடுத்தனர்: அடினோசின் டிரைபாஸ்பேட். ஏ.டி.பி. என்று நாம் எழுதுவது அதையே. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அவ்வாண்டே அதைக் கண்டார்.

இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்காது. தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதிலிருந்து நேரே கிடைக்கிறது என்று அதுவரை அறிஞர் நம்பினர். அந்தத் துறையில் உழைத்த ஹில், மயர்ஹோப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசும் கிடைத்திருந்தது. 1930இல் லுண்ட்ஸ்கார்ட் என்னும் டென்மார்க்கு அறிஞர் லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி செய்த தசையும் சுருங்குவதைக் காட்டினார். அங்கே செலவானது பாஸ்போகிரியேட்டின். பழைய கொள்கை சரிந்தது. சர்க்கரைக்கும் தசைக்கும் நடுவே ஏ.டி.பி. என்னும் இடைநிலைப் பொருள் நின்று, சக்தியை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கிறது என்பது பின்வந்த ஆண்டுகளில் தெளிவாயிற்று.

விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓடும் நம் தோழியை எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி வெடித்த முதல் ஓரிரு வினாடி அவள் தசையில் ஏற்கெனவே இருந்த ஏ.டி.பி. செலவாகிறது. அடுத்து ஏறக்குறைய பத்து வினாடி வரை பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யைத் திரும்ப உண்டாக்குகிறது. 100 மீட்டரின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடுகிறது. 800 மீட்டர் ஓடுகிறவளுக்கு வேறு வழிகள் வேண்டும். உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. மிகச் சிறிது, ஆனால் அது செலவாகியும் புதுப்பிக்கப்பட்டும் நாள் முழுதும் சுழலும் அளவைக் கூட்டினால் நம் உடல் எடைக்கு ஏறக்குறையச் சமமாக வரும். சேர்த்து வைக்கும் பணம் அல்ல அது. கை மாறிக்கொண்டே இருக்கும் சில்லறை.

1930இல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் தந்தது. நிலையான பேராசிரியர் பதவியைத் தரவில்லை. பத்து ஆண்டு காத்திருந்தார். தம்மை முன்னிறுத்திப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. கட்டுரைகளில் தம் பெயரைப் பின்னுக்குத் தள்ளுவார், சில சமயம் போடவே மாட்டார். அடக்கம் நல்ல குணம் என்று நமக்குச் சொல்லித்தரப்படுகிறது. அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது, உழைத்தவரின் பெயர் எழுதப்படாமல் போவதும் ஒரு வகைப் பிழையே என்று நினைக்கத் தோன்றுகிறது.

1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். பின்னர் அங்கு ஆராய்ச்சி இயக்குநரானார். லெடர்லி, அமெரிக்கன் சயனமிட் என்னும் பெரிய இரசாயனக் கம்பெனியைச் சேர்ந்தது. சுப்பாராவின் கதையில் தொழிற்சாலை நுழைவது இங்கேதான்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. அது நம் நாட்டில், பஞ்சாலைத் தொழிலாளர் நடுவே நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். சாதாரண இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும்; இதிலோ அவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது பெண்கள் தேறினர். ஈஸ்டில் இருக்கும் ஏதோ ஒன்று என்றே 1931இல் அவரால் எழுத முடிந்தது. 1941இல் டெக்சாஸில் சிலர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைச் செறிவாக்கினர். இலைக்கு இலத்தீனில் போலியம் என்பதால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் தெரிந்தது.

இயற்கையில் மிகச் சிறிதளவே இருக்கும் இதை மருந்தாக்க வேண்டுமானால் டன் கணக்கில் கீரையையும் ஈரலையும் நம்பிப் பயனில்லை. அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகச் செய்தாக வேண்டும். சுப்பாராவ் பதினைந்துக்கும் மேற்பட்ட வேதியியலாரை இந்த ஒரே வேலையில் இறக்கினார். அவர்களில் சிலர் அதே கம்பெனியின் கால்கோ பிரிவிலிருந்து வந்தவர்கள். கால்கோ சாயங்களும் சாய இடைநிலைப் பொருள்களும் செய்த தொழிற்சாலை. 1945இல் போலிக் அமிலம் செயற்கையாகச் செய்யப்பட்டது.

பன்னிரண்டாம் வகுப்புத் தோழியர் இதைப் பொறுமையாகப் படிக்கலாம். மற்றவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம். போலிக் அமிலம் மூன்று துண்டுகள் கோத்த மாலை. முதல் துண்டு டெரிடின் வளையம். நடுத்துண்டு பாரா அமினோ பென்சாயிக் அமிலம். மூன்றாவது குளூட்டாமிக் அமிலம். நடுத்துண்டுக்கு டொலுயீனிலிருந்து வரலாம்: நைட்ரோ தொகுதியை ஏற்றி, மெத்தில் தொகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து, நைட்ரோவை அமினோவாக ஒடுக்கினால் போதும். நம் பாடநூலில் தனித்தனியாகப் படிக்கும் வினைகளே இவை. இந்த நடுத்துண்டைக் குளூட்டாமிக் அமிலத்தோடு முதலில் பிணைத்துக்கொண்டனர். பிறகு மூன்று அமினோ தொகுதி உள்ள ஒரு பிரிமிடின், இரண்டு புரோமின் உள்ள புரோப்பியனால்டிகைடு, அந்தப் பிணைந்த துண்டு ஆகிய மூன்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வினைபுரிய விட்டனர். வளையம் அங்கேயே உருவாகி மாலை கோத்துக்கொண்டது. விளைச்சல் குறைவுதான். ஆனால் கீரை தேவையில்லாமல் போயிற்று.

அதே நடுத்துண்டைப் பாக்டீரியாக்களும் பயன்படுத்துகின்றன. அவை தமக்கு வேண்டிய போலிக் அமிலத்தைத் தாமே செய்துகொள்பவை. சல்பா மருந்துகள் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தைப் போல வேடமிட்டு அவற்றை ஏமாற்றுகின்றன என்று 1940இல் கண்டறியப்பட்டது. நம் உடலால் அதைச் செய்துகொள்ள முடியாது. ஆகவே சல்பா நம்மை அந்த வழியில் ஏமாற்றுவதில்லை. கீரையிலும் பயற்றிலும் ஈரலிலும் இருந்தே நாம் பெற வேண்டும்.

உடலுக்குள் போலிக் அமிலம் மேலும் ஒடுக்கப்பட்டு, ஒற்றைக் கார்பனைத் தூக்கிச் சென்று கொடுக்கும் கூலியாளாகிறது. டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் அந்த ஒற்றைக் கார்பன் இல்லாமல் உருவாகாது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவின் தாய் அணுக்கள் பருக்கின்றன, ஆனால் பிரிய முடியாமல் நிற்கின்றன. லூசி வில்ஸ் கண்ட பெருத்த அணுக்களின் இரகசியம் இதுவே. 1945ஐ ஒட்டிய ஆண்டுகளில் டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குப் போலிக் அமிலம் கொடுத்தபோது அவர்களுடைய இரத்தம் ஊறியது, நாக்குப் புண் ஆறியது, பசி திரும்பியது. சுப்பாராவின் சகோதரர்கள் இறந்து அப்போது இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் நீல நிற மாத்திரை நம் எல்லோருக்கும் தெரியும். இரும்புச் சத்தோடு அதில் இருப்பது இந்தப் போலிக் அமிலமே. வாயில் போட்டுக்கொண்டது போலக் காட்டி, வெளியே வந்து வேப்பமரத்தடியில் துப்பும் தோழியரை நாங்கள் அறிவோம், பெயர் எழுதவில்லை. குமட்டுகிறது என்பார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டத்தான் செய்யும். மதிய உணவுக்குப் பின் விழுங்கலாம். நாட்டுக் குடும்ப நலக் கணக்கெடுப்புகள் இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் காட்டுகின்றன. கருவுற்ற தொடக்க நாள்களில் போலிக் அமிலம் குறைந்தால் குழந்தையின் தண்டுவடம் சரியாக மூடாமல் போகும் ஆபத்தும் உண்டு என்பது 1991இல் உறுதியாயிற்று.

இனி, அவரது கூடத்திலிருந்து வந்த வேறொரு மருந்து. பாஸ்டனில் குழந்தை மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்குப் போலிக் அமில வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைவது போலிருந்தது. அப்படியானால் இதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்காதா என்று எண்ணினார். லெடர்லியில் சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தின் உருவில் சிறிது மாற்றிய அமினாப்டெரினைச் செய்து அனுப்பினர். படிக்கட்டில் ஒரு படியை வேண்டுமென்றே அடைத்துவைக்கும் பொருள் அது. 1948 ஜூனில் பார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாகக் காட்டினார். அது நீடிக்கவில்லை. ஆனால் அதற்கு முன் எந்த மருந்துக்கும் அந்நோய் பணிந்ததில்லை. அதன் உடன்பிறப்பான மெதோடிரெக்சேட் இன்றும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், பெரியவர்களின் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது.

அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 1947இல் ஹெட்ரசான் வந்தது. பைபரசீன் என்னும் இடைநிலைப் பொருளை அடித்தளமாகக் கொண்டு எழுந்த மருந்து. நம் நாட்டில் யானைக்கால் நோயை ஒழிக்க வீடு வீடாகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை இதுவே. 1948இல் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலார் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. எழுபது வயதைக் கடந்து ஓய்வு பெற்றிருந்த டக்கருக்கு வேலை கொடுத்தது சுப்பாராவின் ஆய்வுக்கூடம். ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர் எழுதித் தருவது போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்.

அவர் தேடியது அனைத்தும் கிடைத்துவிடவில்லை. ஈரலில் உள்ள கொடிய இரத்தசோகைக்கான பொருளைப் பல ஆண்டுகள் துரத்தினார். அதை வைட்டமின் பி12 என்று 1948இல் படிகமாக எடுத்தவர்கள் மெர்க் கம்பெனியார்.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், பேர்ல் ரிவரில் உறங்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் காலமானார். இந்தியா விடுதலை பெற்று ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. சென்னையில் விடைபெற்ற நாளுக்குப் பின் சேஷகிரி அம்மையார் அவரைப் பார்க்கவே இல்லை.

நூற்றாண்டு நினைவாக 1995இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது. அதற்கு முன்பே ஒரு பூஞ்சைக்கு அமெரிக்க அறிஞர் ஒருவர் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டியிருந்தார். பாஸ்பரஸ் அளக்கும் முறை பிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே செய்முறை ஏடுகளில் அச்சாகி வருகிறது. நம்மில் கல்லூரிக்குச் சென்று உயிர்வேதியியல் எடுக்கப் போகிறவர்கள் அந்த நீல நிறத்தைத் தங்கள் சோதனைக் குழாயில் காண்பார்கள்.